வலப்பக்கம் யார்

கெஸ்திரா ஊர்ச் சபையில் இருபத்தாறு வருடம் எழுத்தர் வேலை பார்த்தேன். அந்த இருபத்தாறு வருடத்தில் நான் எழுதிய தீர்மானங்களில் பாதி பக்கத்து ஊரைத் திட்டி எழுதியவை. மீதிப் பாதி எங்கள் ஊரை நாங்களே புகழ்ந்து எழுதியவை. இரண்டுக்கும் ஒரே கை, ஒரே மை. யாராவது கேட்டால் கை வலிக்கிறது என்றுதான் சொல்வேன்.

பக்கத்து ஊர் தர்மேனா. நடுவில் ஓர் ஆறு, அதன்மேல் ஒரு கல்பாலம். காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரலாம். அவர்களும் நாங்கள் பேசுவதையேதான் பேசுகிறார்கள். நாங்கள் தின்னும் கொண்டைக்கடலையையும் வெங்காயத்தையும்தான் தின்கிறார்கள். எங்களுக்கு வில்லும் மானுமாக நிற்கும் அர்த்தெமிஸ் தேவி. அவர்களுக்குச் சிங்கத்தைக் காலடியில் வைத்திருக்கும் தாய். நாங்கள் எங்கள் காசில் ‘மாகாணத்தின் முதல் ஊர்’ என்று பொறித்தோம். மறு வருடமே அவர்களும் அதையே பொறித்தார்கள். மாகாணத்தில் ஏழாவது எட்டாவது இடத்துக்குக்கூடத் தேறாத ஊர்கள் இரண்டும். இதை வெளியே சொல்லும் துணிச்சல் எனக்கு இருபத்தாறு வருடமும் வரவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் திருவிழா அன்று எங்கள் தேவியின் பல்லக்கும் அவர்கள் தாயின் பல்லக்கும் பாலத்தில் எதிரெதிரே வந்து நின்றுவிட்டன. யார் வழி விடுவது? காலையிலிருந்து பிற்பகல் வரை நின்றார்கள். தெய்வங்கள் பொறுமையாகத்தான் இருந்தன. யாரோ ஒரு கல்லை எறிந்தான். எங்கள் ஊர்க் குயவன் ஒருவனுக்குக் கண் போயிற்று. மறுநாள் சபை கூடித் தீர்மானம் போட்டது. எழுதியவன் நான். “சபைக்கும் மக்களுக்கும் நல்லதென்று பட்டபடி, தர்மேனாவில் குடியிருக்கும் எவரும், ஆணானாலும் பெண்ணானாலும், இந்தப் பாலத்தைத் தாண்டி வரக் கூடாது.” மறு வாரமே அவர்களும் எங்களுக்கு எதிராக அதையே போட்டார்கள்.

‘ஆணானாலும் பெண்ணானாலும்’ என்று யாரும் எழுதச் சொல்லவில்லை. ‘எவரும்’ என்றதோடு நிறுத்தியிருக்கலாம். காதுக்கு வாக்கியம் குறைவாகப் பட்டது, சேர்த்தேன். எனக்கு அந்த வியாதி உண்டு. என் ஒரே மகள் அம்மியாவை தர்மேனாவில் கட்டிக்கொடுத்து அப்போது நாலு வருடம் ஆகியிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மனைவி தாத்தியா காய்ச்சலில் படுத்தாள். பெண்ணைப் பார்க்கணும் என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அடக்கம் செய்த அன்று அம்மியா ஜாடியில் தேனும் பாலும் எடுத்துக்கொண்டு பாலத்துக்கு வந்திருக்கிறாள். எங்கள் பக்கத்துக் காவல்காரன் ஹெர்மாஸ் அவளை நிறுத்தித் தீர்மானத்தைப் படித்துக் காட்டியிருக்கிறான். அவனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

தாயின் குழியில் மகள் தன் கையால் தேனும் பாலும் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஊற்றாவிட்டால் மண்ணுக்குள் தாய் தாகத்தோடு கிடப்பாள். மூன்று வருடமாக நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். புருஷன் ஊற்றினால் கணக்கில் சேராது. ஒவ்வொரு தடவையும் வெறும் ஜாடியோடு வீட்டுக்குத் திரும்பும்போது, தாகத்தோடு கிடக்கிறவளைப் பட்டினியும் போட்டுவிட்டு வருவதாகத்தான் தோன்றும். அம்மியா ஒரே ஒரு முறை வந்து ஊற்றிவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது. வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஆளுநரிடமிருந்து கடிதம் வந்தது. வசந்தத் திருவிழாவுக்குள் இரண்டு ஊரும் சமாதானம் ஆகாவிட்டால், இரண்டு ஊருக்கும் காசடிக்கும் உரிமை கிடையாது என்று எழுதியிருந்தார். தண்ணீரை நிறுத்துவேன் என்று சொல்லியிருந்தால்கூட எங்கள் ஆட்கள் இவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள். சொந்தக் காசு இல்லாத ஊரை யார் ஊர் என்று சொல்வார்கள்? கிராமம் என்பார்கள்.

“பேரரசர் தலையை நம்ம கையால அடிக்கிற வரைக்கும்தான்யா நாம ஊரு” என்றார் சபைத் தலைவர் அட்டாலோஸ். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

இரண்டு சபையும் ஒரே நாளில் ஒப்புக்கொண்டன. ஒரே காசு, இரண்டு ஊர்ப் பெயரும் அதில் இருக்கும். முன்பக்கம் பேரரசர் தலை. பின்பக்கம் எங்கள் தேவியும் அவர்கள் தாயும் கைகோத்து நிற்பார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் எழுதுகோலைக் கழுவப் போனேன். அப்போது அட்டாலோஸ் கேட்டார், “அது சரி, நம்ம ஆளு எந்தப் பக்கம் நிப்பா?”

அந்தக் கேள்விக்கு ஏழு மாதம் போயிற்று.

வாரம் ஒரு தடவை பாலத்தின் நடுவில் கூடுவோம். எங்கள் பக்கம் அட்டாலோஸும் நானும். அவர்கள் பக்கம் பாப்பியாஸும் இரண்டு கிழவர்களும். பாப்பியாஸ் என் சம்பந்தி, அம்மியாவின் மாமனார்.

“வலப்பக்கம் எங்க தாய்தான் நிக்கணும். அவதான் மூத்தவ” என்பார் பாப்பியாஸ்.

“வயசைப் பாத்தா சபையில உம்மைத்தான்யா முதல்ல உக்கார வைக்கணும். உம்ம ஊர்லயே உம்மை மூணாவதாத்தானே உக்கார வச்சிருக்காங்க” என்பார் அட்டாலோஸ்.

“சிங்கம் வச்சிருக்கிறவளை இடப்பக்கம் நிறுத்துவீங்களோ?”

“எங்க தேவி கையில வில்லு இருக்கு. சிங்கத்தை அவ பாத்துக்குவா.”

“அப்போ ஒருத்தர் பின்னால ஒருத்தரா நிறுத்திருவோமா?” என்று அவர்கள் கிழவர்களில் ஒருவர் சமாதானமாகக் கேட்டார்.

“யாரு முன்னால?” என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் கேட்டார்கள்.

எனக்குக் கால் வலிக்கும். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொள்வேன். சண்டை ஓய்ந்து அட்டாலோஸ் தண்ணீர் குடிக்கப் போகும்போது பாப்பியாஸ் பக்கத்தில் வருவார்.

“என்ன சம்பந்தி, இளைச்சுப் போயிட்டீங்க?”

“நீங்க பேசுறதை எல்லாம் எழுதணும்ல. அம்மியா எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா. ஆனா உங்க பேரை எடுத்தா எழுந்து போயிடுறா.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நான் என்னதான் பண்ண, சொல்லுங்க? வலப்பக்கத்தை விட்டுக்கொடுத்துட்டு நான் ஊருக்குள்ள போனா என் வீட்டுக் கதவைப் பேத்துருவாங்க.”

“எங்க ஊர்லயும் அப்படித்தான் சம்பந்தி.”

அதற்குள் அட்டாலோஸ் வந்துவிடுவார், மறுபடி ஆரம்பிக்கும்.

திருவிழாவுக்கு இன்னும் நாற்பது நாள் என்று இருக்கும்போது காசடிக்கும் அச்சு வெட்டுகிற திரோஃபிமோஸ் கழுதையோடு வந்து சேர்ந்தான். அவன் எங்கள் ஊரும் இல்லை, அவர்கள் ஊரும் இல்லை. கடற்கரைப் பக்கத்து ஆள். பதினோரு ஊருக்கு அவன்தான் அச்சு வெட்டுகிறான். பேரரசர் தலைக்கு ஒரே ஒரு கீழ் அச்சை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவான்.

“தலை எல்லா ஊருக்கும் ஒண்ணுதான் எழுத்தரய்யா” என்பான். “அதுக்கு ஒருத்தரும் சண்டை போடுறதில்ல. பின்பக்கம் அரை விரல் இடம் இருக்கு பாருங்க, அதுக்குத்தான் இத்தனை கூத்தும். எல்லா ஊர்லயும் இதே கூத்துதான். ஒரு ஊர்ல கோயிலுக்கு நாலு தூண் இருந்துச்சு, காசுல ஆறு போடச் சொன்னாங்க. போட்டேன். அடுத்த ஊருக்காரன் எட்டு போடச் சொன்னான். அவங்க ஊர்ல கோயிலே இன்னும் கட்டி முடியலை.”

ஏழு மாதச் சண்டையைச் சொன்னேன். கடலையை மென்றுகொண்டே கேட்டான். “என்கிட்ட விடுங்க” என்றான்.

முதலில் தர்மேனாவுக்குப் போய்வந்தான். பிறகு எங்கள் சபைக்கு வந்தான். பின்பக்கத்துக்கான மேல் அச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துப் பிரித்தான். உருவங்களை மட்டும் வெட்டியிருந்தான். எழுத்து இன்னும் வெட்டவில்லை. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு பெண்கள் கைகோத்து நின்றார்கள். ஒருத்தியின் பின்னால் மான், ஒருத்தியின் காலடியில் சிங்கம். மான்காரி வலப்பக்கம் நின்றாள்.

“வலப்பக்கம்!” என்றார் அட்டாலோஸ். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “நம்மவதான்யா வலப்பக்கம்! தர்மேனாக்காரன் பாத்தானா இதை?”

“பாத்துட்டாங்க தலைவரே. சந்தோஷமா முத்திரை வச்சுட்டாங்க” என்றான் திரோஃபிமோஸ்.

சபை முழுக்கக் கைதட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. அச்சில் வலம் இருப்பது காசில் இடமாகத்தான் விழும். சபைக்காரர்கள் கையில் காசை வாங்கிப் பார்த்தவர்களே தவிர, அச்சைப் பார்த்தவர்கள் இல்லை. நான் பார்த்திருக்கிறேன். புதுக் காசு அடிக்கும்போதெல்லாம் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கப் பட்டறைக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். இடவலம் புரண்டு கிடக்கும் எழுத்தை அப்படியே படிக்கப் பழகியவன் நான். கவனித்துப் பார்த்திருந்தால் அச்சில் அந்தப் பெண்கள் இடக்கையால் கைகோத்திருப்பது அட்டாலோஸுக்கே தெரிந்திருக்கும். சமாதானத்துக்கு யாராவது இடக்கை கொடுப்பார்களா?

வாயைத் திறக்க ஒரு நொடி இருந்தது. சொல்லியிருந்தால் இன்னும் ஏழு மாதம் பாலத்தில் நின்றிருப்போம். ஆளுநர் உரிமையைப் பறித்திருப்பார். பாலம் என் காலத்தில் திறந்திருக்காது. தாத்தியாவின் குழி நினைவுக்கு வந்தது. முத்திரை மெழுகை எடுத்து அட்டாலோஸ் கையில் கொடுத்தேன். ஊர் உப்பைத் தின்றவன் செய்கிற காரியம் இல்லை.

வெளியே கழுதைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த திரோஃபிமோஸிடம் போனேன்.

“அங்க எப்படிக் காட்டினே?”

“அங்க களிமண்ணுல அழுத்திக் காட்டினேன். இங்க அச்சைக் காட்டினேன்.” அவன் என்னை நேராகப் பார்த்தான். “ரெண்டும் ஒரே அச்சுதான். நான் ஒரு பொய்யும் சொல்லலை. உங்களுக்குத் தெரிஞ்சுதானே பேசாம நின்னீங்க?”

“காசு கைக்கு வந்தா என்ன ஆகும்?”

“அன்னைக்கு நான் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பேன். எனக்கு இன்னும் நாலு ஊரு பாக்கி இருக்கு. நீங்கதான் எங்க இருப்பீங்கன்னு யோசிச்சுக்கோங்க.”

யோசித்தேன். திருவிழா நிகழ்ச்சி வரிசையை எழுதுவது என் வேலை. முதலில் பலி. அடுத்து, ஆளுநர் முன்னால் இரண்டு ஊரும் நெருப்பின்மேல் கைவைத்துப் பேரரசர் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும். பிறகு பழைய தீர்மானத்தை ரத்து செய்து படிக்க வேண்டும். காசு கொடுப்பதைக் கடைசியில் போட்டேன். வழக்கமாகக் காசுதான் முதலில் வரும். அட்டாலோஸ் ஏன் என்று கேட்டார்.

“நல்லது கடைசியில வரட்டும் தலைவரே” என்றேன். சரி என்றுவிட்டார்.

திருவிழா அன்று பாலத்தின் இரண்டு கரையிலும் கூட்டம் நெரிந்தது. பட்டறையில் அடித்த காசை இரண்டு ஊர் முத்திரையும் வைத்துப் பையில் கட்டி என் காலடியில் வைத்திருந்தார்கள். ஆளுநருக்கு வயிறு சரியில்லை. அடிக்கடி கையை வயிற்றில் வைத்துக்கொண்டார். பலி முடிந்தது. சத்தியமும் முடிந்தது. நான் எழுந்து ரத்துத் தீர்மானத்தைப் படித்தேன். பாலம் திறந்தது என்றதும் இரண்டு கரையிலும் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், இருபத்தாறு வருடத்தில் என் வாசிப்புக்கு அப்படி ஒரு சத்தம் எழுந்ததே இல்லை. தர்மேனா கூட்டத்தின் பின்வரிசையில் அம்மியாவைப் பார்த்தேன். உடம்பு பெருத்திருந்தாள். என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

பிறகு பையைப் பிரித்தார்கள். முதல் காசு ஆளுநருக்கு, இரண்டாவது பாப்பியாஸுக்கு, மூன்றாவது அட்டாலோஸுக்கு. அட்டாலோஸ் காசைக் கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுவந்து பார்த்தார். துடைத்துவிட்டுப் பார்த்தார்.

“இது யாரு?” என்றார்.

காசைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

“வலப்பக்கம் இது யாரு நிக்கிறா? சிங்கத்தோட! யோவ், சிங்கம்யா வலப்பக்கம் நிக்குது!”

தர்மேனாக்காரர்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. எங்கள் பக்கம் யாரோ குனிந்து கல்லைப் பொறுக்கினான். அட்டாலோஸ் சத்தியம் செல்லாது, ஏமாற்று, களவு என்று கத்தினார். ஆளுநர் கையைத் தூக்கினார்.

“என்ன சத்தம்?”

“காசுல எங்க தேவியை இடப்பக்கம் தள்ளிட்டாங்க பெருமானே!”

ஆளுநர் தன் காசைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “பின்பக்கம் யாரு எங்க நிக்கிறான்னு நான் பாக்கலை. முன்பக்கம் யாரு இருக்கார்னு பாத்தேன். அவர் சரியா இருக்கார். சத்தியம் பண்ணினது அவர் பேர்ல. இப்போ அதை முறிக்கப் போறது யாரு? முன்னால வாங்க.”

யாரும் முன்னால் வரவில்லை. கல்லைப் பொறுக்கியவன் அதை மெதுவாகக் கீழே போட்டான். அந்தக் கோபம் முழுவதும் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அட்டாலோஸ் என் பக்கம் திரும்பினார்.

“தியோகாஸ். நீ பட்டறைக்குப் போறவன். அச்சு புரண்டுதான் இருக்கும்னு உனக்குத் தெரியாதா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பவும் நம்பியிருப்பார்; என்மேல் பிரியம் உள்ளவர். ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. இன்னொரு வாக்கியத்தை அலங்காரம் செய்யத் தெம்பில்லை.

“தெரியும்” என்றேன்.

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான். சொன்னா பாலம் திறக்காது. என் பொண்ணு அவ அம்மாவுக்கு இன்னும் ஊத்தலை தலைவரே. மூணு வருஷம் ஆச்சு.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் மனைவியின் அடக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். நிமிர்ந்துகொண்டார். “நாளைக்குச் சபை கூடும்” என்றார்.

மறுநாள் கூடியது. அதிகம் பேசவில்லை. என்னை ஊரைவிட்டு அனுப்புவது என்று கைதூக்கினார்கள். அதன் பிறகு ஒரு சங்கடம் வந்தது. தீர்மானத்தை யார் எழுதுவது? சபையில் இருந்தவர்களில் நாலு பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். முறையாகத் தீர்மானம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது.

“குடுங்க, நானே எழுதுறேன்” என்றேன்.

அட்டாலோஸ் எழுத்துப் பலகையை என் பக்கம் தள்ளினார். “வெளியே அனுப்பறோம்னு எழுது. அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம்.”

எழுதினேன். “சபைக்கும் மக்களுக்கும் நல்லதென்று பட்டபடி, மெனிப்போஸ் மகன் தியோகாஸ், ஊர்த் தேவி இடப்பக்கம் நிற்பதை அறிந்தும் வாய் மூடி இருந்தபடியால், இனி இந்தப் பாலத்தைத் தாண்டி வரக் கூடாது, அவன் பெயர் ஊரின் எந்தக் கல்லிலும் இருக்கக் கூடாது.” கடைசித் துண்டு நானாகச் சேர்த்தது. ‘வரக் கூடாது’ என்று முடித்தால் மொட்டையாக இருந்தது. சபை வாசலில் எழுத்தர்கள் பெயர் வரிசையாகக் கல்லில் இருக்கிறது. அதிலிருந்து எப்படியும் எடுக்கத்தான் போகிறார்கள், நாமே சொல்லிவிடலாம் என்று ஒரு வீறாப்பும் இருந்தது.

அட்டாலோஸ் வாங்கிப் படித்தார். “நல்லாத்தான்யா எழுதுறே” என்றார். முத்திரை வைத்தார்.

ஒரு மூட்டையோடு பாலத்தைத் தாண்டினேன். பாப்பியாஸ் எதிரே வந்து மூட்டையை வாங்கிக்கொண்டார். “வாங்க சம்பந்தி, இனிமே நாம ஒரே பக்கம் நிக்கலாம்” என்று சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

அம்மியா முற்றத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“வாங்க. உக்காருங்க” என்றாள், வழிப்போக்கனிடம் சொல்வதைப் போல.

உட்கார்ந்தேன். அவள் மாவை இன்னும் இரண்டு புரட்டுப் புரட்டினாள்.

“ஆணானாலும் பெண்ணானாலும்னு எழுதினது நீங்கதானே?”

“நான்தான்.”

“யாராவது எழுதச் சொன்னாங்களா?”

“இல்லம்மா. வாக்கியம் நிறைவா இருக்கட்டும்னு எழுதினேன்.”

“நிறைவாத்தான் இருந்துச்சு. ஹெர்மாஸ் எனக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினான். ‘எவரும்’னு மட்டும் இருந்தா ஆம்பளைங்களைத்தான் சொல்லுதுன்னு வச்சுக்கிட்டு உன்னை விட்டுருவேன் தங்கச்சி, ஆனா பெண்ணானாலும்னு தெளிவா எழுதியிருக்குதேன்னு சொன்னான். அழுதுட்டே சொன்னான்.”

எனக்கு இது தெரியாது. ஹெர்மாஸ் என்னிடம் சொல்லவில்லை. மூன்று வருடம் தினமும் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னவன். தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிச்சுக்கோம்மா என்று சொன்னேன். சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது; அவ்வளவு சின்னக் குரலில்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு ரொட்டியையும் பாலாடைக்கட்டித் துண்டையும் என் முன்னால் வைத்தாள்.

“நாளைக்குக் காலையில அம்மாகிட்டப் போறேன்” என்றாள். “நீங்க வர முடியாதுல்ல?”

“பாலம் வரைக்கும் வரேன்.”

விடிந்ததும் போனோம். அம்மியா ஜாடியை இடுப்பில் வைத்திருந்தாள். தேனைப் பாலில் கலக்காமல் தனியாக வைத்திருந்தாள். அவள் அம்மாவுக்கு அப்படித்தான் பிடிக்கும். பாலத்தின் இந்த முனையில் நான் நின்றுகொண்டேன். அந்த முனையில் ஹெர்மாஸ் நின்றான். அம்மியா பக்கத்தில் போனதும் சட்டென்று விலகி வழிவிட்டான். என் பக்கம் அவன் பார்க்கவே இல்லை. அவள் முதுகு எங்கள் ஊர் மேட்டில் ஏறி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தியா, பொண்ணு வரா என்று மனசுக்குள் சொன்னேன். உடம்பு முழுக்க ஓர் ஆறுதல் இறங்கியது. ஊர் போனால் போகட்டும் என்றிருந்தது.

உச்சி வெயிலில் திரும்பி வந்தாள். முழங்காலில் மண். அழுது முடித்த முகம். கைப்பிடிச் சுவரில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஊத்தினியா?”

“முழுசா ஊத்தினேன். மண்ணு அப்படியே குடிச்சுருச்சுப்பா.”

‘அப்பா’ என்று சொன்னாள். ஒன்பது வருடம் ஆகியிருக்கும் அந்தச் சொல்லைக் கேட்டு. அவள் ஜாடியைக் கீழே வைத்தாள்.

“கல்லுல அம்மா பேரு மட்டும்தான் இருக்கு” என்றாள்.

“என்னது?”

“அம்மா பேருக்குப் பக்கத்துல புதுசாக் கொத்தி எடுத்திருக்காங்க. தூளு இன்னும் அங்கயே கிடக்கு. அதை ஊதித் தள்ளிட்டுத்தான் நான் ஊத்தினேன்.”

மனைவி போனால் அவள் கல்லிலேயே புருஷன் தன் பெயரையும் வெட்டிவைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். செத்த பிறகு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தால் போதும். மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் வெட்டிவைத்தேன். ‘எந்தக் கல்லிலும்’ என்று எழுதும்போது எனக்குச் சபை வாசல் கல்தான் நினைவில் இருந்தது. இந்தக் கல் நினைவுக்கே வரவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் தீர்மானத்தில் எழுதியிருப்பதை ஓர் எழுத்து விடாமல் செய்கிறவர்கள். அப்படிச் செய்யப் பழக்கியவனும் நான்தான்.

“இதையும் யாரும் சொல்லாமத்தான் எழுதினீங்களா?” என்று அம்மியா கேட்டாள். கோபம் இல்லை குரலில். களைத்துப்போயிருந்தாள்.

“ஆமாம்மா.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கண் நிறைந்தது.

“அப்போ உங்களை நான் எங்கப்பா கொண்டுபோய் வைப்பேன்?” என்றாள்.